எல்லைக்கல் முன்னே, கல்யாணம் பின்னே

பூவாங்குறிச்சிக்காரர்கள் எந்த விதியையும் மீறியதாக இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை. அதில் அவர்களுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மீறுவது வேறு, வளைப்பது வேறு என்பது அந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ‘கிணற்றுத் தண்ணீரில் கால் கழுவக் கூடாது’ என்று ஒருமுறை பலகை மாட்டினார்கள். அன்று முதல் ஊரார் தண்ணீரை இறைத்து வீட்டுக்குச் சுமந்துபோய், வீட்டுக் குடத்தில் ஊற்றி, குடத்தை மறுபடி கிணற்றடிக்கே சுமந்துவந்து கால் கழுவினார்கள். இப்போது அது வீட்டுத் தண்ணீர் அல்லவா? திரும்ப வீட்டுக்குப் போகிற வழியில் கால் பழையபடி சேறாகிவிடும். அதற்கு விதி என்ன செய்யும், பாவம்.

விதியை வளைக்கிற வேலைக்கென்றே ஊரில் ஒருவர் இருந்தார். பெயர் உலகநாதன். கோர்ட்டு உலகநாதன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் பட்டணத்துக்குப் போனவர், காலையிலிருந்து சாயங்காலம்வரை கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி ‘வாய்தா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உலகநாதன் கும்பிட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். சட்டம் தெரிந்த மனிதர் என்ற பெயர் அன்று வந்ததுதான்.

நம் கதை பலவேசத்தைப் பற்றியது. பலவேசம் அம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். தேரை இழுப்பது ஊர். ஆனால் அதை நிறுத்துவதும் மூலையில் திருப்புவதும் சக்கரத்தின் அடியில் சரியான நேரத்தில் கட்டை போடுகிற மனிதர்தான். அதனால் அவர் தேரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பார். முப்பது வருஷமாக இப்படி நடந்து நடந்து, அவருக்கு முன்னால் நடப்பதைவிடப் பின்னால் நடப்பதுதான் சுலபமாக வரும். அவருக்கு ஒரே மகள், தங்கபுஷ்பம். மூன்று மைலுக்கு அப்பால் சாத்தங்கரையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது.

அந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. முதல் தடவை, சாவு விழுந்த தெருவில் மேளம் கூடாது என்று விதி. செத்தது ஒரு பசுமாடு. மாடு கணக்கில் சேருமா சேராதா என்று பேசி முடிப்பதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. இரண்டாவது தடவை, முதல் தடவை தள்ளிப்போட்டது சரிதானா என்று பேசியதில் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஐயம்பெருமாள் நேரில் வந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

“தேரோட்டம் முடிஞ்ச மூணாம் நாள், ஞாயித்துக்கெழமை முகூர்த்தம். எங்க வீட்டு வாசல்ல பந்தல். இதுவும் தள்ளிச்சுன்னா எம்மவனுக்கு வேற ஊர்ல பொண்ணு பாப்பேன். விதியே இல்லாத ஊராப் பாத்து.”

தேரோட்டம் வெள்ளிக்கிழமை. மூன்று தெரு சுற்றி, நான்காவது தெருவுக்குத் திரும்புகிற மூலை. அங்கே திரும்பிவிட்டால் கோயில் வாசல், தேர்நிலை, எல்லாம் முடிந்தது. வலதுபக்கத் தெருவில் கோயில். இடதுபக்கம் ஒரு சந்து. அந்தச் சந்தின் முடிவில் ஒரு மாட்டுத் தொழுவம், தொழுவத்துக்குப் பின்னால் குளம்.

“எந்தப் பக்கம் கட்டை போடணும்?” என்று பலவேசம் கேட்டார்.

“இடது பக்கம்,” என்றார் தேர்மேல் நின்ற பூசாரி குற்றாலிங்கம். இடது சக்கரத்தில் கட்டை விழுந்தால் தேர் வலதுபக்கம் ஒதுங்கித் திரும்பும்.

“யாரு இடது? தேருக்கு இடதா, எனக்கு இடதா?”

நியாயமான கேள்வி. பலவேசம் தேரைப் பார்த்து நிற்கிறார், தேர் அவரைப் பார்த்து நிற்கிறது. பூசாரி குழப்பமே வேண்டாமென்று, “என் இடது கைப் பக்கம்,” என்றார். சொல்லிவிட்டு அம்மனைக் கும்பிடத் திரும்பினார். அவர் திரும்பியபோது அவருடைய இடது கையும் கூடவே திரும்பியது. பலவேசம் சொன்ன சொல் மாறாத மனிதர். அந்தக் கை எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் கட்டையைப் போட்டார்.

தேர் கம்பீரமாகச் சந்துக்குள் திரும்பியது. ஊரே குலவை போட்டது. தொழுவத்துச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. உள்ளேயிருந்து ஒரு மாடு தலையை நீட்டி அம்மனைப் பார்த்தது.

சங்கடம் என்னவென்றால், பூவாங்குறிச்சித் தேர் பின்னால் போகக் கூடாது. அது முதல் விதி. மற்ற மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டு வருபவை. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை, கையில் காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊர் எல்லைக்குள் கல்யாணம் நடக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்கக் கூடாது. மஞ்சள் கயிற்றுக் காப்பு ஊரில் எல்லோர் கையிலும் இருந்தது. தங்கபுஷ்பத்தின் கையிலும்.

பலவேசம் சக்கரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத்தில் ஒரு கட்டை தப்பியதில்லை. தப்பியது இன்றைக்கு, மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது.

ஊர் கூடிப் பேசியது. “சுவரை இடிச்சு முன்னாலயே போயிருவோம்,” என்றார் ஒருவர். “முன்னால குளம்லா இருக்கு,” என்றார் இன்னொருவர். “அம்மனைத் திருப்பி வச்சிருவோம். அப்ப பின்னால போறது முன்னால போறது ஆயிரும்லா?” என்றார் மூன்றாமவர். இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தேரின் மரக்குதிரைகள் தொழுவத்தைப் பார்த்து நின்றன. அம்மன் ஒரு பக்கம், குதிரைகள் ஒரு பக்கம் என்றால் தேர் எந்தப் பக்கம் போகும் என்று குதிரைகளுக்கே தெரியாது என்று பூசாரி சொல்லிவிட்டார். பேசிப் பேசி சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

பலவேசத்தின் மனைவி ஆவுடையம்மா கூட்டத்துக்குள் புகுந்து நேராகக் கோர்ட்டு உலகநாதனிடம் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, தேரை நீங்க எப்ப வேணா எடுங்க. நாளைக்குக் காலையில எம்மவ சாத்தங்கரையில இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

உலகநாதன் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

“விதி என்ன சொல்லுது? எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. ஊரைவிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுதா?”

“இல்லை,” என்றார் பூசாரி.

“எல்லைன்னா எது?”

“கெழக்கால நிக்க எல்லைக்கல்லு.”

“அந்தக் கல்லை நாம முன்னால தூக்கிட்டுப் போனா, நாம எப்பவும் கல்லுக்கு இந்தப்புறம்தான இருப்போம்? சாத்தங்கரை என்ன, காசிக்கே போலாம். எல்லையைத் தாண்டவே மாட்டோம்.”

இப்படி ஒரு மூளை தங்கள் ஊரில் இருக்கிறதே என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பலவேசத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது.

“கல்லைக் கயித்துல கட்டி, கம்பைக் குடுத்துத் தூக்கணும். பின்னால தோள் குடுக்கவன் கல்லுக்கு இந்தப்புறம். முன்னால தோள் குடுக்கவன் அந்தப்புறம்லா இருப்பான்? அவன் எல்லையைத் தாண்டின மாதிரில்லா ஆயிரும்?”

“மாட்டு வண்டியில வச்சிருவோம்,” என்றது ஒரு குரல்.

“மாட்டுக் கொம்புலயும் காப்புக் கட்டியிருக்குவே,” என்றார் பூசாரி வருத்தத்துடன்.

உலகநாதன் மறுபடி கண்ணை மூடித் திறந்தார். “முன்னால போறவன் நம்ம ஊரைப் பாத்துக்கிட்டு பின்பக்கமா நடக்கட்டும். ஊரைப் பாத்து நடக்கவனை ஊரைவிட்டுப் போறான்னு எவனாவது சொல்லுவானா?”

எல்லோரும் பலவேசத்தைப் பார்த்தார்கள். பின்பக்கமாக நடக்க அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள். முன்கம்புக்கு இன்னொரு தோள் வேண்டுமே என்றபோது, யோசனை சொன்னவரே கொடுக்கட்டும் என்று ஊர் தீர்மானித்தது. உலகநாதன் இதை எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர்வலம் புறப்பட்டது. முதலில் பலவேசமும் உலகநாதனும், முதுகைச் சாத்தங்கரைக்கும் முகத்தைப் பூவாங்குறிச்சிக்கும் காட்டிக்கொண்டு. அடுத்து சூலம் செதுக்கிய முழங்கால் உயர எல்லைக்கல், ஆடிக்கொண்டே. அதற்குப் பின்னால் இரண்டு பேர். அப்புறம் மேளம், தங்கபுஷ்பம், சீர்வரிசைத் தட்டுகள், ஊர் ஜனம். பூசாரி மட்டும் அம்மனுக்குத் துணையாகத் தேரடியில் இருந்துகொண்டார்.

உலகநாதன் முதல் மைலுக்குள் இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் முகத்தை ஊர்ப்பக்கம் வைத்துக்கொண்டேதான் விழுந்தார். விதி விஷயத்தில் அவர் கறார். பலவேசம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அவருக்கு முன்னால் நேராக மகள் நடந்துவந்தாள், பட்டுச் சேலையும் தலை நிறையப் பிச்சிப்பூவுமாக. மற்ற அப்பாக்கள் எல்லாம் முன்னால் போவார்கள், மகள் பின்னால் வருவாள், முகம் தெரியாது. இவருக்கு மூன்று மைலும் மகளின் முகம்தான். விதி ஒன்றும் அவ்வளவு கெட்டது இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

“எப்பா, அழாம நடங்க. கல்லு ஆடுது,” என்றாள் தங்கபுஷ்பம்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரர் சட்டியில் வடை போட்டுக்கொண்டிருந்தார். கல் கடையைத் தாண்டியதும் உலகநாதன் ஊர்வலத்தை நிறுத்தினார்.

“சட்டியை எறக்கும்வே.”

“ஏன்?”

“இது இப்ப பூவாங்குறிச்சி. தேர் நிலைக்கு வராம எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது.”

“நான் இங்க இருபது வருஷமா கடை வச்சிருக்கேன்.”

“இருபது வருஷமா அது வேற ஊரு. இப்ப கொஞ்சம் முன்னாலதான் மாறிச்சு.”

கடைக்காரர் கல்லைப் பார்த்தார், கல்யாணப் பெண்ணைப் பார்த்தார், பின்பக்கமாக நிற்கிற இரண்டு பேரைப் பார்த்தார். அப்புறம், வடை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். ஊர்வலத்துக்குப் பசி. கல்லை மறுபடி பின்னால் கொண்டுபோய் அடுப்புக்கு இந்தப்புறம் வைத்தார்கள். அடுப்பு வெளியூர் ஆனது. கடைக்காரர் வெளியூரில் வடை சுட்டு எல்லைக்கு இந்தப்புறம் வீசினார். பூவாங்குறிச்சிக்காரர்கள் பிடித்துத் தின்றார்கள். உலகநாதனுக்கு விழுந்ததெல்லாம் முதுகில் விழுந்தது.

சாத்தங்கரையில் ஐயம்பெருமாள் பந்தல் வாசலில் நின்றார். முதலில் இரண்டு முதுகுகள் வந்து சேர்ந்தன. அப்புறம் ஒரு கல். பெண் வந்துவிட்டாள், அதுபோதும் என்று அவர் நினைத்துக்கொண்டார். கல்லைப் பந்தலைத் தாண்டி இறக்கப் போன நேரத்தில் பலவேசம்தான் நிறுத்தினார்.

“வே, உலகநாதன். கல்லு பந்தலைத் தாண்டிட்டா பந்தல் நம்ம ஊருக்குள்ள வந்துரும்லா? நம்ம ஊருக்குள்ள கல்யாணம் கூடாதுல்லா?”

மேளம் நின்றது. இதை யாரும் யோசிக்கவில்லை.

“கல்லைப் பந்தலுக்கு முன்னாலயே வச்சிருவோம்,” என்றார் கம்பு தூக்கியவர்களில் ஒருவர்.

“வச்சா பந்தல் வெளியூரு. பொண்ணு எப்படி உள்ள போகும்? கையில காப்பு இருக்கு.”

“பொண்ணு உள்ள வந்தா கல்யாணம் கூடாது. கல்யாணம் நடந்தா பொண்ணு வரக்கூடாது,” என்று ஒரு பெரியவர் தெளிவாக எடுத்துச் சொன்னார். அவ்வளவு தெளிவாகச் சொன்னதற்காகப் பக்கத்தில் இருந்தவர் அவருக்கு வெற்றிலை கொடுத்தார்.

“முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம் இருக்கு,” என்றார் ஐயம்பெருமாள்.

உலகநாதன் இந்தத் தடவை கண்ணை மூடவே இல்லை. “கல்லை மணவறைக்கு நடுவுல வைங்க,” என்றார்.

வைத்தார்கள். கல்லுக்கு இந்தப்புறம் தங்கபுஷ்பம், பூவாங்குறிச்சி எல்லைக்குள். அந்தப்புறம் மாப்பிள்ளை தளவாய், சாத்தங்கரையில். நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கல். தளவாய் கொஞ்சம் குட்டையான ஆள். கல்லின் மேல் வயிற்றை அழுத்தி, எட்டி, மூச்சைப் பிடித்துத் தாலி கட்டினார். கெட்டிமேளம் கொட்டியது. மணவறையைச் சுற்றி வரவேண்டிய நேரத்தில் நான்கு பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவிலேயே சுற்றி வந்தார்கள். மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்திருந்தார். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் எல்லை ஆடிக்கொண்டே வந்தது. மூன்றாவது சுற்றில் அது தளவாயின் கால் பெருவிரலில் இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

பலவேசம் கைகூப்பி நின்றார். முடிந்துவிட்டது, கட்டை தப்பினாலும் கல்யாணம் தப்பவில்லை என்று நினைத்தார். அப்போதுதான் உலகநாதன் தொண்டையைக் கனைத்தார்.

“மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிட்டு. அவர் எங்க எல்லைக்கு வெளியதான் இருந்தாரு, அதனால அது செல்லும். பொண்ணுக்கு இன்னும் ஆகலை. எங்க எல்லைக்குள்ள கல்யாணம் நடக்க வழியில்லைல்லா.”

ஐயம்பெருமாள் அவரையே பார்த்தார். “அப்ப எம்மவன் யாரைக் கட்டியிருக்கான்?”

“தங்கபுஷ்பத்தை.”

“தங்கபுஷ்பத்தை யாரு கட்டியிருக்கா?”

“இன்னும் யாரும் கட்டலை.”

தளவாய் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே, “எனக்கு ஆயிட்டுல்லா?” என்று ஒருதடவை உறுதிப்படுத்திக்கொண்டார். தங்கபுஷ்பம் தலையை நிமிர்த்தி, “நான் இப்ப சாப்பாட்டுக்கு எந்த வீட்டு ஆளா உக்காரணும்?” என்று கேட்டாள்.

ஐயம்பெருமாள் பலவேசத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “சம்பந்தி. பொழுது சாயறதுக்குள்ள பொண்ணுக்கும் கல்யாணம் ஆகணும். இல்லைன்னா கல்லையும் பொண்ணையும் தூக்கிட்டுப் போயிருங்க.”

பெண் அதுவரை வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதால் கல்லைப் பந்தலிலிருந்து எடுத்து வீட்டுப் புறவாசலுக்குப் பின்னால் நட்டார்கள். அங்கே தவசிப்பிள்ளை விருந்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். கல் அவரைத் தாண்டியதும் சட்டியை இறக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றைய விருந்தில் முதல் பந்திக்குப் பொரித்த அப்பளம், இரண்டாம் பந்திக்குப் பச்சை அப்பளம்.

பலவேசம் சாப்பிடவில்லை. அவர் ஊரைப் பார்த்து ஓடினார், இந்தத் தடவை முன்பக்கமாக. பழக்கமில்லாததால் இரண்டு தடவை விழுந்தார். கூடவே சாம்பாரைப் பாதியில் விட்டுவிட்டு இருபது பேர் ஓடிவந்தார்கள். தேர் நிலைக்கு வரவேண்டும். தேர் பின்னால் போகக் கூடாது. ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் அவர் இதையே சொல்லிக்கொண்டார். எல்லைக்கல்லைத் தூக்கிய தோள் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் யோசனை வந்தது. உலகநாதன் கூட இல்லாமல் ஒரு யோசனை வந்ததில் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

“பூசாரி,” என்றார், தேரடியில் மூச்சிரைக்க நின்று. “தேர்நிலைன்னா எது?”

“கோயில் வாசல்ல கெடக்க நிலைக்கல்லு. அதுல தேர்ச் சக்கரம் முட்டுனா நிலைக்கு வந்தாச்சு.”

“கல்லு எங்க இருக்கணும்னு விதி?”

“கோயிலுக்கு முன்னால.”

“எவ்வளவு முன்னாலன்னு இருக்கா?”

பூசாரி யோசித்தார். அப்படி எதுவும் இல்லை. நான்கு பேர் ஓடிப்போய் நிலைக்கல்லைத் தூக்கி வந்தார்கள். சந்துக்குள், சக்கரத்துக்கும் தொழுவத்துச் சுவருக்கும் இடையே இருந்த ஒரு சாண் இடத்தில் அதைக் கிடத்தினார்கள். கோயிலுக்கு முன்னால்தான் இருந்தது, ஒரு தெரு தள்ளி. முன்னால் நின்று இழுக்க இடம் இல்லாததால், எல்லோரும் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினார்கள். பலவேசம் கட்டையோடு குனிந்தார். இந்தத் தடவை யாருடைய இடது கையையும் பார்க்கவில்லை, சக்கரத்தை மட்டும் பார்த்தார். தேர் நான்கு விரல் அளவு முன்னால் நகர்ந்து கல்லில் முட்டியது. அதே நொடியில் கட்டை விழுந்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டது. பலவேசம் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். மாடு மறுபடி தலையை நீட்டி அவருடைய தோளை நக்கியது.

பூசாரியைத் தூக்காத குறையாகச் சாத்தங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வெயில் மஞ்சளாகிற நேரத்தில் தங்கபுஷ்பத்தின் கையிலிருந்து காப்பு அவிழ்ந்தது. “இப்ப பொண்ணுக்கும் கல்யாணம் ஆயிட்டு,” என்று உலகநாதன் அறிவித்தார். மாப்பிள்ளைக்கு ஒன்பதரை மணிக்கும் பெண்ணுக்கு ஐந்து மணிக்குமாக ஒரே நாளில் நடந்த அந்தக் கல்யாணத்தை எண்ணி ஐயம்பெருமாள் பெருமூச்சு விட்டார். தவசிப்பிள்ளை மீதி அப்பளத்தைப் பொரித்தார்.

ஊர் திரும்புகிற வேளையில் கல்லை எடுக்கப் புறவாசலுக்குப் போனார்கள். பலவேசம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லை எடுத்துவிட்டால் மகள் வெளியூர்க்காரி ஆகிவிடுவாள். இந்தக் கல் இங்கே நிற்கிறவரை அவள் ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லை. அவரால் அந்தக் கயிற்றைக் கட்ட முடியவில்லை.

“இன்னைக்கு நாள் நல்லால்லை, சம்பந்தி. நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதோம்,” என்றார்.

ஆவுடையம்மா புருஷனைப் பார்த்தாள். கயிற்றை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாளைக்கு என்பது வரவே இல்லை. அடுத்த வருஷம் கோயில் கொடைத் திருவிழா வந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றோடு சாத்தங்கரைக்கு வந்து, ஐயம்பெருமாள் வீட்டில் எல்லோர் கையிலும் காப்புக் கட்டினார். அவர் வீடு பூவாங்குறிச்சி எல்லைக்குள் அல்லவா இருக்கிறது? ஐயம்பெருமாள் பத்து நாள் தாளிக்காத சாம்பாரும் தாளிக்காத ரசமும் சாப்பிட்டார். கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நான்கு தடவை ஆள் அனுப்பினார். நான்கு தடவையும் நாள் நன்றாக இல்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலை. பலவேசம் வேப்பங்குச்சியோடு தன் வீட்டுப் புறவாசலுக்குப் போனார். அங்கே நேற்றுவரை இல்லாத ஒரு கல் நட்டிருந்தது. பக்கத்தில் ஐயம்பெருமாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கூட நான்கு சாத்தங்கரைக்காரர்கள், ஒரு கம்பு, ஒரு கயிறு. சத்தம் கேட்டு உலகநாதனும் ஊராரும் வந்து சேர்ந்தார்கள்.

“இது எங்க ஊர் எல்லைக்கல்லு,” என்றார் ஐயம்பெருமாள். அவர் முகத்தில் ஒரு வருஷத்துச் சந்தோஷம் இருந்தது. “இனிமே நீங்க சாத்தங்கரை. எங்க ஊர் விதிக்குக் கட்டுப்படணும். எங்க ஊர்ல இருக்கறது ஒரே ஒரு விதிதான். எல்லைக்கல்லை ஒருத்தனும் கையால தொடக் கூடாது.”

“நீங்க தொட்டுத்தான இங்க கொண்டுவந்தீங்க?” என்றார் உலகநாதன்.

“தொடவே இல்லை. கயித்துல சுருக்குப் போட்டு, கம்புல மாட்டித் தூக்கிட்டு வந்தோம்.”

உலகநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் அப்படி மரியாதை செய்து யாரும் பார்த்ததில்லை.

பலவேசம் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “அப்ப சம்பந்தி, உங்க வீட்டுப் புறவாசல்ல நிக்க எங்க கல்லும் எல்லைக்கல்லுதான? அதையும் இனிமே ஒருத்தரும் தொடக் கூடாதுல்லா?”

ஐயம்பெருமாள் தன் கல்லின் பக்கம் கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். முன்னால் தன் ஊர்க் கல், மூன்று மைலுக்கு அப்பால் தன் வீட்டில் இவர்கள் ஊர்க் கல். இரண்டுக்கும் நடுவில் தென்னை மரம், வாய்க்கால், டீக்கடை, வடைச் சட்டி எல்லாம் கிடந்தன.

“இப்ப நான் எந்த ஊர்ல நிக்கேன்?” என்று கேட்டார்.

ஊர் மொத்தமும் கோர்ட்டு உலகநாதனைப் பார்த்தது. அவர் கண்ணை மூடினார். ஆவுடையம்மா சம்பந்திக்காகக் கடுகு தாளித்து, இலை போட்டு, சாதம் பரிமாறினாள், அவர் சாப்பிட்டுக் கை கழுவியும் முடித்துவிட்டார். அப்போதுதான் உலகநாதன் கண்ணைத் திறந்தார். கோர்ட்டில் கேட்டுவந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

“வாய்தா.”